அடுத்த பூ எங்கே வரும்?

வீட்டில் பழ மரம் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. காய்க்கிற மரத்தில் இரும்பு படக்கூடாது என்று காய்ந்த குச்சியைக்கூட ஒடிக்காமல் விட்டுவைப்பவர்கள் ஒரு கட்சி. இலை பக்கத்து மாடியில் விழுகிறது, சாக்கடையை அடைக்கிறது, மின்கம்பியில் உரசுகிறது என்று யாராவது சொன்ன அன்றே ஆள் பிடித்து மரத்தை மொட்டையடித்துவிடுபவர்கள் இன்னொரு கட்சி. வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் இரண்டு கட்சியும் ஒரே வீட்டில்தான் இருக்கும். பத்து வருடம் மரத்தைத் தொடமாட்டார்கள். பதினோராவது வருடம் ஒரே காலையில் பாதி மரத்தைத் தரையில் சாய்த்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு வருடம் காய் இல்லை. அதைப் பார்த்து முதல் கட்சி, "அப்பவே சொன்னேன்ல" என்று இன்னும் பலமாகிவிடும்.

எங்கள் வீடு திண்டுக்கல்லுக்கு வெளியே செம்மண் மனையில் இருக்கிறது. அப்பா வைத்த நீலம் மா ஒன்று, கொய்யா இரண்டு, எலுமிச்சை, மாதுளை, சீத்தா, சப்போட்டா, பின்பக்க மூலையில் ஒரு பலா. பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சின்ன இடத்திலேயே ஒன்று தெளிவாகப் புரிந்துவிடும். இந்த மரங்களுக்கெல்லாம் சேர்த்துக் கவாத்துக்கு, அதாவது கணக்குப் பார்த்துக் கிளை வெட்டுவதற்கு, ஒரே மாதம், ஒரே முறை என்று எதுவும் கிடையாது.

யூடியூபில் கவாத்து என்று தேடினால் முதலில் வருவது ஆப்பிள் மரம்தான். பனி படர்ந்த தரை, இலை ஒன்றுகூட இல்லாத மரம், கையுறை போட்ட ஒருவர் நிதானமாக ஒவ்வொரு கிளையாகக் காட்டி வெட்டுவார். பார்க்க அழகாக இருக்கும். நம் தோட்டத்துக்கு அது பாதிதான் உதவும். அங்கே மரம் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது. இலை உதிர்ந்துவிடுவதால் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரியும், குளிர் முடியப்போகும் நேரத்தில் வெட்டினால் வசந்தத்தில் துளிர்க்கும். நம் ஊரில் கொடைக்கானல் பேரிக்காய்க்கும் பிளம்ஸுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். மலை இறங்கிவிட்டால் பொருந்தாது. என் கொய்யாவில் ஒரே நேரத்தில் பூவும் பிஞ்சும் பழமும் கொழுந்தும் இருக்கும். அது எப்போது தூங்குகிறது என்று கேட்டு வெட்டுவது?

அதனால் எந்த மாதம், எவ்வளவு உயரம், எத்தனை கிளை என்ற கேள்விகளையெல்லாம் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கத்தரியை எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த மரத்தில் அடுத்த பூ எங்கே வரும்? புதிதாக விடும் கொழுந்திலா, போன பருவத்தில் விட்டு முற்றிய கிளையின் நுனியிலா, பழைய கட்டைக் குச்சியிலா, அடிமரத்திலா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மாதமும் அளவும் தானாகவே வந்துவிடும்.

கொய்யாவில் இருந்து தொடங்குவதுதான் நல்லது. கவாத்து பழகுவதற்கு அதைவிடப் பொறுமையான மரம் கிடையாது. கொய்யாவின் பூ, புதிதாக விடும் கொழுந்தில், இலைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள கக்கத்தில் வரும். அதுவும் கொழுந்தின் அடிப்பக்கக் கணுக்களிலேயே பெரும்பாலும் வந்துவிடும். அப்படியென்றால் புதுக் கொழுந்து எத்தனை விடுகிறதோ அத்தனை பூவுக்கு வாய்ப்பு. வெட்டாத கொய்யா நுனியில் மட்டும் நீண்டுகொண்டே போகும். காரணம், நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் தண்டு வழியாகக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அந்த வரத்து நின்றுபோகும். அதற்குக் கீழே சும்மா இருந்த மொட்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து எழும்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் இப்போது மூன்று கொழுந்து, மூன்றிலும் பூ.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதுதான். போன பருவத்தில் வளர்ந்த நுனிக் கிளைகளை 10 முதல் 15 செ.மீ. அளவுக்கு செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கவாத்து செய்யலாம் என்பது பரிந்துரை. நம் கணக்கில் புரட்டாசி ஒட்டி ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை. பூவிலிருந்து பழத்துக்கு நான்கைந்து மாதம் ஆகும். புரட்டாசியில் வெட்டினால் வெயில் ஏறும் மாதங்களில் பழம். மழையில் பழுக்கும் கொய்யாவைவிட, பனியிலும் வெயிலிலும் பழுக்கும் கொய்யாவுக்கு இனிப்பு அதிகம். மழைக்காலப் பழத்தில் பழ ஈ விட்ட புழுவும் அதிகம். வட மாநிலங்களில் மழைக்காலக் காய்ப்பைத் தவிர்த்துக் குளிர்காலக் காய்ப்பை வாங்குவதற்காகவே கோடையில் கொய்யாவைக் கவாத்து செய்வார்கள். பழம் எப்போது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணி வெட்டும் வசதி இந்த மரத்தில் உண்டு.

அம்மாவுக்கு இது ஒருநாளும் சம்மதமில்லை.

"பிஞ்சும் பூவுமா நிக்கிறப்பக் கத்திய எடுக்காதடா. பாவம்."

"கொய்யால பிஞ்சு இல்லாத நாளுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இல்லன்னா விட்டுரு. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

இதற்கு ஒரு சமாதான ஏற்பாடு இருக்கிறது. முழு மரத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டியதில்லை. காய் இருக்கும் கிளையை விட்டுவிட்டு, காய் முடிந்த கிளையின் நுனியை மட்டும் கிள்ளுவது. ஒரு பக்கம் பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது மறுபக்கம் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கு இதுதான் வசதியும்கூட. வியாபாரிக்குத்தான் எல்லாப் பழமும் ஒரே வாரத்தில் வேண்டும். வீட்டில் தினமும் நாலு பழம் போதும்.

வெட்டவே மனம் வராதவர்களுக்கும் கொய்யாவில் வழி உண்டு. நெட்டுக்குத்தாக மேலே போகும் கிளையை மெல்ல வளைத்து, கயிறு போட்டுத் தரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டிவிடலாம். கிளை படுக்கை வாட்டத்துக்கு வந்ததும் நுனியின் ஆதிக்கம் குறைந்து, கிளை நெடுக மொட்டுகள் எழும்பும். கிளையை ஒரே இழுப்பில் இழுக்கக் கூடாது. மழை பெய்து மரம் சாறு பிடித்திருக்கும் நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தால் ஒடியாது. எங்கள் வீட்டில் ஒரு கொய்யா முழுக்க வளைத்தே பழக்கியது. ஆறேழு அடிக்கு மேல் போகவிடுவதில்லை. கைக்கு எட்டாத கொய்யா என்பது கிளிக்கும் அணிலுக்கும் வளர்ப்பதுதான். அவற்றின் பங்கு எப்படியும் போய்விடும், அதற்குத் தனியாகப் பத்தடி வளர்க்க வேண்டுமா?

மாவுக்கு வந்தால் கதை அப்படியே மாறிவிடும். கொய்யாவில் நல்லது செய்த அதே வெட்டு, அதே மாதத்தில் மாவில் விழுந்தால் அந்த வருட மாம்பழம் போச்சு.

மாம்பூ கிளையின் நுனியில் வரும். அந்த நுனி முற்றியிருக்க வேண்டும். காய்ப்பு முடிந்து மழை விழுந்ததும் செம்பு நிறத்தில் தொங்கிக்கொண்டு வரும் கொழுந்தைப் பார்த்திருப்பீர்கள். அது வெளிர் பச்சையாகி, கரும்பச்சையாகி, இலை விறைத்து, சில மாதங்கள் அப்படியே நின்ற பிறகுதான் மார்கழிக் குளிரில் நுனி மொட்டு பூவாக மாறும். கொழுந்து பிந்தினால் அதன் முதிர்ச்சியும் பிந்தும். மார்கழி வரும்போது அது இன்னும் இளசாக இருந்தால் பூவுக்குப் பதில் மறுபடி கொழுந்தையே விடும். எனவே மாவில் வெட்டு எப்போது விழ வேண்டும் என்பது கடைசிப் பழம் இறங்கும் நாளைப் பொறுத்தது. நீலம் பிந்திய ரகம். ஆனி, ஆடி வரை பழம் இருக்கும். பழம் இறங்கிய கையோடு, ஆவணி முடிவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பங்கனப்பள்ளி, செந்தூரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நேரம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தீபாவளிக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் கிளை இடிக்கிறது என்று பெயிண்டர் சொல்ல, ஐப்பசியில் அந்தப் பக்கம் முழுக்க வெட்டினார்கள். இருக்கிறதே இருக்கிறது என்று மறுபக்கமும் சமமாக வெட்டிவிட்டார்கள். தையில் தெருவில் எல்லா மாவும் பூத்து நின்றபோது அது மட்டும் பளபளவென்று புதுக் கொழுந்தோடு நின்றது. மரம் செழிப்பாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரையில் ஒரு காய் இல்லை. கண் பட்டுவிட்டது என்று பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடம் காய்த்தது. செருப்புக்கு நல்ல பெயர்.

மாவில் நான் வருடா வருடம் செய்வது மிகக் கொஞ்சம். பழம் பறித்த பின் நுனியில் காய்ந்து நிற்கும் பூந்தண்டையும் அதற்குக் கீழே ஒரு சாண் நீளக் கிளையையும் சேர்த்து வெட்டுவேன். காய்த்த நுனி அந்த வருடம் களைத்திருக்கும், தானாகக் கொழுந்து விட நாளாகும். இந்தச் சின்ன வெட்டு அதை எழுப்பிவிடும். அப்புறம் காய்ந்தது, நோய் விழுந்தது, ஒன்றோடொன்று உரசுவது, மரத்துக்குள்ளேயே திரும்பி வளர்வது ஆகியவற்றை அடியோடு எடுப்பேன். போதுமா, இன்னும் எடுக்க வேண்டுமா என்று பார்க்க உச்சி வெயிலில் மரத்தடியில் நின்று தரையைப் பார்த்தால் போதும். வெயில் புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். கும்மிருட்டாக இருந்தால் உள்ளே ஒன்றிரண்டு கிளை அதிகம். அப்படி வெளிச்சமே இல்லாத மரத்தில்தான் தத்துப்பூச்சி குடியிருக்கும். பூக்கும் காலத்தில் மரத்தடியில் நடந்தால் சடசடவென்று முகத்தில் மோதும் பூச்சி அது. பூவின் சாற்றை அதுதான் உறிஞ்சும்.

ஆனால் இங்கே வெளிநாட்டுப் புத்தகங்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மரத்தின் நடுவைக் கிண்ணமாகத் திறந்துவிடச் சொல்வார்கள். அங்கே வெயில் கிடைப்பது அபூர்வம், ஒவ்வொரு கதிரையும் உள்ளே கூப்பிட வேண்டும். நமக்கு அக்கினி நட்சத்திரம் இருக்கிறது. இத்தனை வருடம் நிழலிலேயே இருந்த கிளையின் பட்டை திடீரென்று சித்திரை வெயிலில் நின்றால் வெந்து வெடிக்கும். வெடிப்பில் பூசணம் இறங்கும், தண்டுத் துளைப்பான் முட்டை வைக்கும். நடுவைக் கொஞ்சம்தான் திறக்கலாம். கட்டாயம் அதிகமாகத் திறக்க வேண்டி வந்தால், வெயில் படும் கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். எலுமிச்சைக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும், அதன் பட்டை மெல்லியது.

மா உயரமாகப் போய்விட்டது, குறைக்க வேண்டும் என்றால் ஒரே வருடத்தில் குறைக்கப் பார்க்கக் கூடாது. இலைதான் மரத்தின் சமையலறை. மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் ஒரு வருடத்தில் எடுத்தால் மரம் பதறிப்போய், வெட்டிய இடத்தைச் சுற்றிக் குச்சி குச்சியாகப் போத்து விடும். இந்தப் போத்துகள் கிளையின் உள்மரத்தில் வேர் பிடித்தவை அல்ல, பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. கொஞ்சம் பருத்ததும் ஆடிக்காற்றில் பிளந்து விழும். மொட்டையடித்த மரம் மூன்றே வருடத்தில் முன்னைவிட அடர்த்தியாகவும் ஆபத்தாகவும் நிற்பது இதனால்தான். வருடத்துக்கு ஒரு உயரமான கிளை என்று எடுத்து, அதை ஏதாவது ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை இறக்க வேண்டும். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பை ஏற்க அதற்குத் தெம்பு இருக்காது.

மாவைக் குட்டையாக வளர்க்கவே முடியாது என்று சொல்பவர்கள் உடுமலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். பழைய முறையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மா வைப்பார்கள். மிக அடர்நடவில் மூன்றுக்கு இரண்டு மீட்டர், ஏக்கருக்கு 674 மரம். ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். கன்றாக இருக்கும்போதே நுனி கிள்ளி, ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் வெட்டி, அந்த அளவிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் விட்டால் தோப்பு காடாகிவிடும். வீட்டில் புதிதாக மாங்கன்று வைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கன்றுப் பருவக் கிள்ளலைத்தான். இடுப்பு உயரத்தில் ஒரு தடவை நுனியைக் கிள்ளி, மூன்று கிளை மட்டும் வெவ்வேறு திசையில் விட்டால், பின்னாளில் ரம்பத்துக்கு வேலை பாதியாகக் குறையும்.

மற்ற மரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைக்குக் கவாத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தரையிலிருந்து ஒன்றரை அடி வரை அடித்தண்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து விறைப்பாக, நீள முள்ளோடு கிளம்பும் நீர்ப்போத்தை இளசாக இருக்கும்போதே பிய்த்துவிட வேண்டும். சப்போட்டாவுக்கு அதுவும் வேண்டாம். ஆனால் ஒட்டுக்குக் கீழே கவனம். சப்போட்டாவைப் பாலா என்ற வேறொரு மரத்தின் மேல் ஒட்டுக் கட்டியிருப்பார்கள், அந்தப் பாலா தன் பங்குக்குக் கீழேயிருந்து துளிர்விடும். கவனிக்காமல் விட்டால் சில வருடத்தில் பாலா ஜெயித்துவிடும். சீத்தா கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். மாசி, பங்குனியில் அது வெறுங்குச்சியாக நிற்கும்போது வெட்டுவது சுலபம், அடுத்து வரும் துளிரோடு பூவும் வரும்.

மாதுளையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதில் காய் வருவது கட்டையான சின்னக் குச்சிகளில். ஒரு குச்சி மூன்று நான்கு வருடம் தொடர்ந்து காய்க்கும். பார்ப்பதற்கு உயிரே இல்லாதது போலச் சொறசொறவென்று இருப்பதால், சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பும் யாரும் முதலில் அதைத்தான் ஒடிப்பார்கள். பளபளப்பாக, நீளமாக, கண்ணுக்கு அழகாக அடியிலிருந்து கிளம்பும் போத்தை விட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். மாதுளையில் மூன்று நான்கு தண்டு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற வேர்ப்போத்தையெல்லாம் எடுத்துவிட வேண்டும், கட்டைக் குச்சியைத் தொடக் கூடாது.

இனி வெட்டு. எங்கே வெட்டுவது என்பதில் மாதம் கணக்கைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், சட்டைக் கையின் மடிப்பு மாதிரி ஒரு சின்ன வீக்கம் தெரியும். அதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டுக்காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. அதை ஒட்டி, அதைத் தொடாமல், வெளியே வெட்ட வேண்டும். ஒரு காலத்தில் உலகம் முழுக்கவே தாய்மரத்தோடு வழித்து வெட்டுவதுதான் சுத்தமான வேலை என்று நினைத்தார்கள். அமெரிக்க வனத்துறையில் ஆலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்ன ஆகியிருக்கின்றன என்று பார்த்தார். மரத்துக்கு நம் தோல் மாதிரி காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்கிறது. வழித்து வெட்டினால் அந்தச் சுவர் எழும்பும் இடமே போய்விடுகிறது. அழுகல் அடிமரத்துக்குள் இறங்குகிறது. கழுத்துக்கு வெளியே ஒரு துண்டை முளைக்குச்சி மாதிரி நீட்டி விட்டு வெட்டினாலும் தப்பு. அந்த முளை செத்து, அதன் வழியாக அழுகல் வரும்.

நம் ஊரில் முளைதான் அதிகம். அதற்கு அரிவாள்தான் காரணம். எங்கள் வீட்டுக்கு மரமேற வரும் அண்ணனிடம் ரம்பத்தைக் கொடுத்தால் சிரிப்பார்.

"அரிவாள்ல ரெண்டே போடு தம்பி. ரம்பம்னா பொழுது போயிரும்."

"பொழுது போகட்டும்ண்ணே. பிளக்காம வந்தாச் சரி."

கை பருமனுள்ள கிளையை மேலேயிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாதியில் அது தன் பாரத்திலேயே முறிந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாகப் போட வேண்டும். கிளைக் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கால்வாசி முதல் வெட்டு. அதற்கு இரண்டு விரல் வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை விழுந்துவிடும், பட்டை உரியாது. மிச்சமிருக்கும் முளையைக் கையில் தாங்கிக்கொண்டு கழுத்தை ஒட்டி மூன்றாவது. கட்டைவிரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி போதும். கத்தரியின் வெட்டும் அலகு மரத்தின் பக்கமாகவும், தாங்கும் அலகு விழப்போகும் குச்சியின் பக்கமாகவும் இருக்கட்டும். நோய் விழுந்த கிளையை வெட்டியபின் அலகை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த மரம். மா வெட்டும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது, அதன் பால் பட்ட இடம் சிலருக்குக் கொப்பளித்துவிடும். மின்கம்பிக்கு அருகில் போன கிளையென்றால் நாமாகத் தொரட்டியை நீட்டக் கூடாது. லைன் நிறுத்த ஆள் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வெட்டிய இடத்தில் மருந்து பூச வேண்டுமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பது ஷைகோவின் முடிவு. சின்ன வெட்டுகளுக்கு நான் எதுவும் பூசுவதில்லை. ஆனால் நம் மழைக்கும் பூசணத்துக்கும் முன்னால், பெரிய வெட்டுக்குப் போர்டோ பசை பூசச் சொல்லும் நம் தோட்டக்கலைக்காரர்கள் பக்கம்தான் நான். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, பிறகு ஒன்றாக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் ஒரு கத்தியை நனைத்து எடுத்தால் அதில் செம்பு படிந்து சிவக்கக் கூடாது. சிவந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றன்றைக்குக் கரைத்து அன்றே பூசிவிட வேண்டும்.

இந்தப் பசைக்கும் அதன் தண்ணீர்க் கலவைக்கும் பெயர் கொடுத்த பிரெஞ்சு ஊரில் நடந்தது வேடிக்கையான கதை. போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து நீலநீலமாகத் தெளித்துவைப்பார்கள். 1882இல் அடிச்சாம்பல் நோய் தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்தபோது அந்தச் சாலையோரக் கொடிகள் மட்டும் இலையோடு நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். அளவுகளைச் சோதித்து 1885இல் வெளியிட்டார். திருடனுக்குத் தெளித்தது பூசணத்தைக் கொன்றது.

திராட்சை என்றதும் தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரைச் சொல்லாமல் போக முடியாது. அடுத்த பூ எங்கே வரும் என்ற கேள்வியை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள். குளிர் நாட்டில் திராட்சைக் கொடி வருடத்துக்கு ஒருமுறை இலையுதிர்த்துத் தூங்கி ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் தூக்கம் கிடையாது. விட்டால் கொடி பாட்டுக்கு இலையாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே குளிர் செய்யும் வேலையைக் கத்தரி செய்கிறது. முற்றிய கொடியைச் சில கணு மட்டும் விட்டு வெட்டினால், அந்தக் கணுவில் வரும் கொழுந்திலேயே பூங்கொத்து இருக்கும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். ஒரு தோட்டத்தில் இன்று வெட்டுகிறார்கள், அடுத்ததில் போன மாதம் வெட்டியது பூத்திருக்கிறது, அதற்கடுத்ததில் அறுவடை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க நம் பழக்கடைகளில் கிடைப்பது இந்த வெட்டுக் கணக்கினால்தான். மாடியில் பந்தல் போட்டுத் திராட்சை வைத்துவிட்டு, "நல்லா படர்ந்திருக்கு, காய்தான் இல்ல" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கத்தரியே வைக்காதவர்கள்.

வெட்டியதை என்ன செய்வது என்பதும் ஒரு வேலை. கொய்யாக் கவட்டை தெருப் பையன்களுக்கு உண்டிவில்லுக்குப் போய்விடும், கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். காய்ந்த மாஞ்சுள்ளி ஹோமத்துக்கு ஆகும், அம்மா கட்டுக்கட்டாகப் பரணில் வைத்துவிடுவார். நோய் விழுந்த குச்சியை மட்டும் எரித்துவிட்டு, மிச்ச இலையையும் இளங்குச்சியையும் நறுக்கி அந்தந்த மரத்தடியில் மூடாக்காகப் போடுவேன். செம்மண் கோடையில் பாளம் பாளமாகக் காயாமல் இருக்கும்.

பலா இலைக்குத்தான் போட்டி. பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் அக்கா, எங்கள் வீட்டில் ரம்பச் சத்தம் கேட்டாலே சாக்கோடு வந்து நிற்பார். பலாவில் எனக்கு வெட்ட ஒன்றும் இருக்காது. அதில் அடுத்த பூ வருவது அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும். தண்டை ஒட்டிச் சின்னதாக, நாலு இலையோடு கிளம்பும் சிம்பு இருக்கிறதே, அதில்தான் பூ வந்து பிஞ்சாகும். மரம் புதர் மாதிரி இருக்கிறது என்று அடிமரத்தை வழித்துச் சுத்தம் செய்கிறவர்கள் அடுத்த வருடப் பலாப்பழத்தைத்தான் வழிக்கிறார்கள். மேலே நிழல் கட்டும் ஒன்றிரண்டு கிளை போனால் பலாவுக்கு ஒன்றும் ஆகாது, கீழே வெளிச்சம் வரும், நல்லதுதான். அதனால் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

"மேல உள்ளத எவ்வளவு வேணா எடுத்துக்கங்கக்கா. அடிமரத்துச் சிம்ப மட்டும் தொடாதீங்க."

"மேல உள்ளது முத்தல் தம்பி. அந்தச் சிம்புதான் எளசு. ஆடு அதத்தான் கேக்குது."